மருந்துக் கிடங்குச் சாவி யார் கையில்?

பி.ஃபார்ம். மாணவி, திண்டுக்கல்
*அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் தலைமை நாற்காலியில் உட்கார ஆசை. என்ன படிக்க வேண்டும்?*

ஏதாவது ஒரு பட்டம் போதும் மகளே, அதன் பிறகு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு. கழகத்தின் மேலாண்மை இயக்குநர் பதவி ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கானது. 1994-ல் கழகம் பிறந்தபோது முதல் மேலாண்மை இயக்குநராக இருந்த பூரணலிங்கமும் ஐ.ஏ.எஸ்.தான். தேர்வெழுத, பொதுப்பிரிவுக்கு வயது 21 முதல் 32 வரை, முயற்சி ஆறு. பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை, ஒன்பது முயற்சி. பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். முதன்மைத் தேர்வுக்கு 1,750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275. ஆக, 2,025 மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டிய பிறகுதான் பாரசிட்டமால் வாங்கும் அதிகாரம்!

வாசகர், திருவாரூர்
*வரலாறு படித்த ஐ.ஏ.எஸ். மருந்து வாங்குவதா? அடுக்குமா?*

எந்த மருந்து என்று முடிவு செய்வது நிபுணர் குழு. தரம் பார்ப்பது ஆய்வகம். எல்லாம் விதிப்படி, நேரத்துக்கு நடக்கிறதா என்று பார்ப்பது அதிகாரி. மருந்து தெரியாத அதிகாரியால் ஆபத்தில்லை. தெரிந்தவரைப் பேசவிடாத அதிகாரியிடம் ஜாக்கிரதை.

போட்டித் தேர்வர், மதுரை
*யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடத்தில் ஃபார்மசி உண்டா?*

கிடையாது. மருத்துவ அறிவியல், வேதியியல், புள்ளியியல், மேலாண்மை உண்டு. மருந்துக் கொள்முதல்தான் கனவென்றால் புள்ளியியல் பிற்காலத்தில் கைகொடுக்கும். மருந்துத் தட்டுப்பாடு முதலில் எண்ணில்தான் தெரியும், வரிசையில் நிற்பவர் முகத்தில் தெரிவது அப்புறம்.

அவரே
*ஐ.ஏ.எஸ். ஆனதும் மருந்துக் கழகத்தைக் கேட்டு வாங்கலாமா?*

முதலில் சார் ஆட்சியராகப் பட்டா மாறுதலைக் கவனியுங்கள் தம்பி. எந்தப் பணியிடம் என்பது அரசு முடிவு. ஆனால் சுகாதாரத் துறையில் ஆர்வமும் உழைப்பும் காட்டியவர் பெயர் கோப்பில் நிற்கும்.

டி.ஃபார்ம். படித்தவர், மணப்பாறை
*எங்களைப் போன்றவர்களுக்குப் பாதையே இல்லையா?*

அகலமான பாதை இருக்கிறது. இரண்டாண்டு டி.ஃபார்ம்., 500 மணி நேரப் பயிற்சி, மருந்தியல் கவுன்சிலில் பதிவு. அரசு மருந்தாளுநர் பணிக்கு 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அங்கிருந்து தலைமை மருந்தாளுநர், கிடங்குப் பொறுப்பு என்று ஏறலாம். மேலாண்மை இயக்குநர்கள் வருவார்கள், மாறுவார்கள். கிடங்கின் எந்த அடுக்கில் எந்த பேட்ச் இருக்கிறது என்று கண்ணை மூடிச் சொல்பவர் நீங்கள்தான். அரசு அதிகம் நம்புவதும் உங்களைத்தான்.

எம்.பி.ஏ. (லாஜிஸ்டிக்ஸ்), கோவை
*தனியார் நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டு கொள்முதல் அனுபவம். அரசில் எடுபடுமா?*

கணக்கு எடுபடும், பழக்கம் எடுபடாது. அங்கே விலை ஒத்துவரவில்லை என்றால் ஒரு போனில் சப்ளையரை மாற்றுவீர்கள். இங்கே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 இருக்கிறது. 2000-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. இரண்டையும் வரிவரியாகப் படியுங்கள். அங்கே பேரம் பேசுவது சாமர்த்தியம். இங்கே கோப்பில் ஏறாத பேரத்துக்கு வேறு பெயர்.

வாசகர், ஓசூர்
*மாநிலத்தை விட்டால் மத்திய அரசில் வாய்ப்பு?*

2012 முதல் டெல்லியில் மத்திய மருத்துவப் பணிகள் சங்கம் இயங்குகிறது. காசநோய் மருந்து, தடுப்பூசி போன்ற தேசியத் திட்டங்களுக்கான கொள்முதல் அதன் வேலை. உயர் பதவிகள் பெரும்பாலும் அயல்பணி முறையில் நிரப்பப்படும். அதாவது, ஏற்கெனவே அரசுப் பணியில் குறிப்பிட்ட ஊதிய நிலையில் இருப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும். தெருவில் நிற்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. திண்ணையிலாவது இடம் பிடியுங்கள்.

வாசகி, கரூர்
*1994-க்கு முன் மருந்தே வாங்கவில்லையா?*

வாங்கினார்கள், துறைக்குத் துறை தனித்தனியாக. ஒரே மாத்திரைக்கு ஊருக்கொரு விலை. கழகம் வந்து, 1995 ஜனவரியில் விநியோகம் தொடங்கி, மாநிலத்தின் மொத்தத் தேவையையும் ஒரே டெண்டரில் கேட்டது. தயாரிப்பாளர் நேரடியாக வந்தார், இடைத்தரகர் வெளியே போனார். லட்சக்கணக்கில் வாங்குபவனுக்கு யாரும் சில்லறை விலை சொல்ல மாட்டார்கள்.

வங்கி ஊழியர், நாகர்கோவில்
*ஆஸ்பத்திரிகளுக்குப் பாஸ்புக் கொடுக்கிறார்களாமே?*

ஆமாம், உங்கள் தொழிலில் இருந்து வந்த யோசனைதான். ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று ஒதுக்கி அதைப் பாஸ்புக்கில் வரவு வைப்பார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய் இன்டென்ட் என்னும் தேவைச் சீட்டைக் கொடுத்து மருந்து எடுத்தால் அந்த மதிப்பு கழியும். மருந்தை மேலிருந்து தள்ளிவிட்ட காலம் போய், கீழே இருப்பவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும் காலம் அதில்தான் பிறந்தது. மலைக்கிராமத்துக்குச் சளி மருந்தும் வயற்காட்டு ஊருக்குப் பாம்புக்கடி மருந்தும் போய்ச் சேர்வது இப்படித்தான்.

வாசகர், ஈரோடு
*குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர். மருந்திலுமா இந்த மலிவு?*

இரண்டு உறை, தம்பி. முதல் உறையில் தொழில்நுட்பத் தகுதி: உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, விற்றுமுதல், சந்தை அனுபவம். அதில் தோற்றவரின் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். தேறியவர்களுக்குள்தான் மலிவுப் போட்டி. முதல் உறையைப் பிரிக்கும்போது கண்டிப்பு வேண்டும், இரண்டாவதில் கஞ்சத்தனம் வேண்டும். வரிசை மாறினால் பிணம் விழும்.

அவரே
*பிணம் என்பது மிகையில்லையா?*

இல்லை. 1986, பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை. நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்து, மருந்து வாங்கிய முறையையும் சோதித்த முறையையும் கிழித்துப் போட்டது. கொள்முதல் வேலைக்கு வர நினைப்பவர் அந்த அறிக்கையை முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டும் தூக்கம் வந்தால் வேறு துறைக்குப் போய்விடலாம்.

கல்லூரி மாணவர், சேலம்
*டெண்டர் முடிந்தால் மறுநாளே மருந்து வந்துவிட வேண்டியதுதானே?*

வந்த ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுப்பார்கள். கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசிய எண் ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. ஊசி மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மட்டும் 14 நாள் வேண்டும். அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் போட்டாலும் 'பாக்டீரியா முளைக்கவில்லை' என்று பதின்மூன்றாம் நாள் சான்று தர முடியாது.

வாசகர், தஞ்சாவூர்
*எனக்கு ஆளுங்கட்சியில் ஆள் இருக்கிறது. உதவுமா?*

வாழ்த்துகள். அவரை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், அவருக்கும் ரத்த அழுத்தம் இருக்கலாம்.

எம்.பி.ஏ. மாணவி, திருச்சி
*'எப்போது மறுபடி ஆர்டர் போட வேண்டும்?' என்று நேர்முகத்தில் கேட்டால்?*

எண்ணைப் போட்டுக் காட்டுங்கள். சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் மாதம் 10 லட்சம் செலவாகிறது. ஆர்டர் போட்டுக் கிடங்குக்கு வந்து, சோதனையும் முடிய மூன்று மாதம். அதற்கு 30 லட்சம். மழை, வேலைநிறுத்தம், பேட்ச் தோல்வி ஆகியவற்றுக்காக ஒரு மாதக் கையிருப்பு 10 லட்சம். ஆக, கிடங்கில் 40 லட்சம் இருக்கும்போதே ஆர்டர் போக வேண்டும். 'நாற்பது லட்சம் இருக்கே, என்ன அவசரம்?' என்று கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரி, நான்கு மாதம் கழித்து வரும் வரிசைக்கு இன்றே டோக்கன் கொடுக்கிறார்.

மளிகைக் கடைக்காரர், விருதுநகர்
*முதலில் வந்த சரக்கை முதலில் தள்ளுவது எங்கள் பழக்கம். அங்கும் அப்படித்தானா?*

அண்ணாச்சி, மருந்தில் ஒரு திருத்தம்: முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். நேற்று வந்த பெட்டிக்கு ஆறு மாதமும், போன மாதம் வந்ததற்கு இரண்டு வருடமும் ஆயுள் இருக்கலாம். தேதி பெட்டி மேல் இருக்கிறது, குனிந்து பார்ப்பவர்தான் வேண்டும்.

வாசகர், காஞ்சிபுரம்
*விலை உயர்ந்த மருந்தைத்தானே கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும்?*

பாதி சரி. பணம் தின்னும் மருந்து எது என்பது ஒரு வரிசை, உயிர் காக்கும் மருந்து எது என்பது வேறு வரிசை. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அட்ரினலின் ஊசி விலையில் அற்பம். ஒவ்வாமையில் மூச்சு நின்று போனவருக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. கணக்குப்பிள்ளை கண்ணுக்குத் தெரியாத மருந்து அது. அதைக் காக்கிறவர்தான் மேலாளர்.

செவிலியர், கடலூர்
*தடுப்பூசி நல்லா 'ஜில்'லுன்னு இருந்தா போதும்னு மேலதிகாரி ஒருத்தர் சொல்றார்...*

மரியாதையாகத் திருத்திவிடுங்கள் தங்கச்சி. தேவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி ஊசிகள் உறைந்தால் வீண். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குலுக்கிவைத்தால் உறைந்து கெட்டது அடியில் சீக்கிரம் படியும், பக்கத்தில் வைத்த நல்லது மெதுவாகப் படியும். குப்பியைக் குலுக்கிப் பார்க்க உங்களுக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை என்றால் அன்று நீங்கள்தான் மேலதிகாரி.

விவசாயி, செங்கல்பட்டு
*பாம்புக்கடி மருந்து சில நேரம் கிடைப்பதில்லை. உடனே தயாரிக்க வைக்க முடியாதா?*

அந்தச் சங்கிலியின் முதல் சப்ளையர் பாம்பு, ஐயா. உங்கள் மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் முறிவுப் புரதம் ஊறிய பிறகே மருந்து. குதிரையை அவசரப்படுத்த எந்த டெண்டர் விதியிலும் இடமில்லை. அதனால் மழைக்கும் அறுவடைக்கும் முன்பே இருப்பு வைக்கத் தெரிந்தவர்தான் அந்த நாற்காலிக்குத் தகுதியானவர்.

வாசகர், யாழ்ப்பாணம்
*எங்கள் நாட்டில் எப்படி?*

உங்களுக்குத்தான் முன்னோடிப் பெருமை. 1971-ல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் சேனக பிபிலே, மருந்தியல் பேராசிரியர். வணிகப் பெயர்களின் காட்டை வெட்டிச் சுருக்கி, மூலப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் வழியைக் காட்டினார். எம் பக்கத்தில் ஐ.ஏ.எஸ்., உம் பக்கத்தில் பேராசிரியர். ஆனால் ஒரு தலைவரின் தெளிவை மட்டும் நம்பி மருந்து ஓடாது. நாட்டின் டாலர் தீர்ந்தால் அலமாரியும் தீரும் என்று 2022 உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

போட்டித் தேர்வர், வேலூர்
*அத்தியாவசிய மருந்துப் பட்டியலை மனப்பாடம் செய்யணுமா?*

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் முதல் பட்டியல் போட்டது 1977, இந்தியா 1996, 2022-ல் வந்த தேசியப் பட்டியலில் 384 மருந்துகள். இது தேர்வுக்குப் போதும். வேலைக்கு வேண்டியது வேறு: பட்டியலில் இல்லாத மருந்தை விற்க வரும் இனிய குரலுக்கு 'இல்லை' சொல்லும் பயிற்சி.

மென்பொருள் பொறியாளர், சென்னை
*எல்லாம் கணினிமயம். செயற்கை நுண்ணறிவே தேவையைக் கணித்துவிடுமே?*

ஒரு சின்னக் காட்சி. ஒரு சுகாதார நிலையத்தில் இருப்பு குறைகிறது. ஐந்து நாள் மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்று நாள் கொடுக்கிறார் மருந்தாளுநர், வேறு வழியில்லை. கணினியில் ஏறுவது மூன்று நாள் செலவுதான். அடுத்த ஆண்டுத் தேவையை அந்தக் கணக்கை வைத்துப் போடுகிறார்கள். குறைவாகக் கொடுத்தோம், குறைவாகச் செலவானது, குறைவாக வாங்கினோம். பிழை எங்கும் இல்லை, மருந்தும் இல்லை. கிடைக்காமல் போனதையும் பதிவு செய்யச் சொல்லிக் கொடுங்கள், அப்புறம் உங்கள் இயந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கட்டும்.

சிறு மருந்து உற்பத்தியாளர், புதுச்சேரி
*நல்ல சரக்குத் தரத் தயார். பில் எப்போது பாஸாகும் என்பதுதான் பயம்.*

நியாயமான பயம். பணம் தாமதமானால் நல்ல கம்பெனி அடுத்த டெண்டருக்கு வராது. வருகிறவர் தாமதத்துக்கும் சேர்த்து விலை வைப்பார். சரக்கு தேறியதும் பணம் போக வேண்டும், தேறாவிட்டால் கருப்புப் பட்டியல் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேகம் இருந்தால் பாதி ஊழல் பட்டினி கிடந்து சாகும்.

வாசகி, ராமநாதபுரம்
*மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அன்று' என்று அச்சிடுவது எதற்கு?*

கிடங்கிலிருந்து கடைக்கு வழி தவறிப் போகும் மாத்திரை, போன இடத்தில் தன் முகவரியைத் தானே சொல்வதற்கு.

தகவல் சேகரிப்பவர், புதுக்கோட்டை
*மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டனவா?*

கேரளம் தன் கழகத்தை வைத்தது. ராஜஸ்தான் 2011-ல் கழகம் அமைத்து, அதே ஆண்டு அக்டோபர் 2-ல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. பெருமைப்படலாம். அதோடு, அவர்கள் புதிதாகச் செய்வதை நாமும் போய்ப் பார்த்துவரலாம். வாத்தியார் என்பதால் பாடம் படிக்கக்கூடாது என்று சட்டமில்லை.

வாசகர், கிருஷ்ணகிரி
*'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததால் கிடங்குக்கு என்ன மாற்றம்?*

2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரையை வாங்கப் பேருந்து ஏறி வந்தவர்கள் போக, வராமலே இருந்தவர்கள் வீட்டுக்கும் இப்போது ரத்த அழுத்த மாத்திரை போகிறது. சங்கிலி மருத்துவமனையோடு முடிந்த காலம் போச்சு. கடைசிக் கண்ணி இப்போது ஒரு பாட்டியின் வாசற்படி. ஒரு மாதம் தவறினால் பாட்டிக்கு அழுத்தம் ஏறும், இயக்குநருக்கும் ஏற வேண்டும்.

இளைஞர், திருநெல்வேலி
*கோடிக்கணக்கில் கையெழுத்துப் போடும் பதவி. சம்பளம்?*

ஐ.ஏ.எஸ். தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், பதவி உயர உயரக் கூடும். கையெழுத்தின் மதிப்புக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை மனதார ஏற்றுக்கொண்டவர் மட்டும் விண்ணப்பிக்கவும்.

தாய், அம்பாசமுத்திரம்
*மகன் டாக்டர் ஆகவில்லை என்று வருத்தம். மருந்துக் கிடங்கு வேலைக்குப் படிக்கிறேன் என்கிறான்.*

தடுக்காதீர்கள் அம்மா. டாக்டர் எழுதும் சீட்டு பாதி வைத்தியம். அந்தச் சீட்டில் உள்ளது ஜன்னலில் கிடைப்பது மீதிப் பாதி. மகன் மீதிப் பாதிக்குப் போகிறான்.

ஓய்வு பெற்ற தணிக்கையாளர், சென்னை
*இத்தனை ஆண்டு பார்த்ததில் சொல்கிறேன்: காலாவதி மருந்துதான் பெரிய நஷ்டம். சரிதானே?*

ஐயா, இதில் மட்டும் உங்களோடு சண்டை. மருந்து காலாவதியானால் பெட்டி இருக்கிறது, தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்பீர்கள், அவர் பதில் எழுதுவார். மருந்து இல்லாமல் போனால்? பெட்டி இல்லை, பில் இல்லை, தணிக்கைக் குறிப்பும் இல்லை. நோயாளி வெளிக்கடையில் கடன் சொல்லி வாங்குவார், அல்லது வாங்காமலே வீட்டுக்குப் போவார். அதனால்தான் பயந்த அதிகாரி எப்போதும் குறைவாகவே வாங்குகிறார். கேள்வி கேட்க ஆளில்லாத அந்த நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவர் வேண்டும். அந்தத் தகுதியை எந்தத் தேர்வாணையமும் சோதிப்பதில்லை, சோதிக்க வேண்டும்.

போட்டித் தேர்வர், அரியலூர்
*நேர்முகத்தில், 'உயிர் காக்கும் மருந்து தீர்ந்துவிட்டது, டெண்டர் முடியவில்லை, என்ன செய்வீர்கள்?' என்றால்?*

முதலில் பக்கத்து மாவட்டக் கிடங்கைப் பாருங்கள். அங்கே உறங்கும் சரக்கு இன்று இரவே வண்டியேறலாம். அடுத்து, மருத்துவமனைக்குள்ள உள்ளூர்க் கொள்முதல் அதிகாரம். மூன்றாவது, குறுகிய கால டெண்டர். நெருக்கடி முடிந்ததும், எந்த மேசையில் கோப்பு எத்தனை நாள் கிடந்தது என்று தேதி வாரியாக எழுதி வையுங்கள். இதைச் சொல்லும்போது குரல் நடுங்க வேண்டாம், வேகமும் வேண்டாம். கேட்பவரும் ஒருநாள் அந்த நெருக்கடியில் இருந்தவராக இருக்கலாம்.

பிளஸ் டூ மாணவி, தர்மபுரி
*இந்த வேலைக்கு இன்றே தயாராக ஆரம்பிக்கலாமா?*

ஆரம்பி கண்ணு. உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் கூட்டம் வடிந்ததும் மருந்து ஜன்னலுக்குப் போ. வணக்கம் சொல்லி ஒரே கேள்வி கேள்: 'எந்த மருந்து சீக்கிரம் தீர்ந்து போகுது?' அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொண்டு, அது ஏன் தீர்கிறது, எங்கிருந்து வருகிறது, வர எத்தனை நாள் ஆகிறது என்று விசாரி. அதை முழுசாகக் கண்டுபிடித்துவிட்டால் பாடத்திட்டத்தில் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கு யு.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடு. 21 வயது ஆகட்டும், அவசரமில்லை!